வீடு இல்லை என்பதற்கு ஒரு சான்று

அந்தத் தெருவில் சட்டை போடுகிற அத்தனை பேருக்கும் மடிப்பண்ணனைத் தெரியும். இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, எட்டடிக்குப் பத்தடி அறை. ஒரு காலத்தில் காவலாளி தங்குவதற்காகக் கட்டியது. அதற்குள் ஒரு நீள மேசை, மேசைமேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிமேல் வெள்ளை விரிப்பு, விரிப்பில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஒரு பழுப்புத் தழும்பு. சுவரோரம் வீட்டு எண் எழுதிய மூட்டைகள். குறுக்கே இரண்டு கொடிகள். கொடியில் யார் யாருடைய சட்டையோ, பாவாடையோ, பள்ளிச் சீருடையோ எந்நேரமும் தொங்கும்.

மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயசு. வேலையில் அவரைக் குறை சொல்ல இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும். கழுத்துப்பட்டையை முனையிலிருந்து நடுவுக்குத்தான் தேய்ப்பார். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் சுருக்கமெல்லாம் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கசங்கின சட்டையோடு யாராவது கடையைத் தாண்டிப் போனால் பொறுக்காது. "என்ன சார் இது, மாடு மென்னு துப்பின மாதிரி? கழட்டிக் குடுங்க, அஞ்சே நிமிஷம்" என்று நடுத்தெருவில் மானத்தை வாங்குவார். அந்த மடிப்புப் பைத்தியத்தால் வந்த பெயர்தான் மடிப்பண்ணன். அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலையில் சுத்தம்தான். ஆனால் ஆளிடம் ஒரு வியாதி உண்டு. தன்னைப்போல் கெட்டிக்காரன் யாருமில்லை என்ற நினைப்பு. அந்தக் கெட்டிக்காரத்தனம் போட்ட முடிச்சையும் அதை அவிழ்க்க அவர் பட்ட பாட்டையும்தான் சொல்லப் போகிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டுச் சேர்த்ததையெல்லாம் வழித்துத் துடைத்துக் கொடுத்து அந்த அறையைச் சொந்தமாக வாங்கினார். பத்திரத்தில் அது 'குடியிருப்பு அறை' என்று இருந்தது. மின்சார மீட்டரும் வீட்டு மீட்டர். கடைக்கு ஒரு கட்டணம், வீட்டுக்கு ஒரு கட்டணம். வீட்டுக்குப் பாதிதான் வரும். பத்திரம் எழுதினவர் நல்லவர். "இப்பவே கடைன்னு மாத்தி எழுதிடலாம், பின்னால வில்லங்கம் வராது" என்று சொல்லிப் பார்த்தார். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்க வேண்டிய இடம். பாதிக் கட்டணம் மிச்சமாகிறதை யார் விடுவார்? "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றுவிட்டார் மடிப்பண்ணன்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. அக்கம்பக்கம் முழுக்கப் போய்ப் பாடம் நடத்தினார். பக்கத்துக் கடைத் தையல்காரர், எதிர் வரிசை டீக்கடைக்காரர், முதல் மாடியில் இருக்கிற டீச்சரம்மா என்று ஒருத்தரையும் விடவில்லை. "ஃபைலும் கையுமா எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் சரி, நான் இங்கதான் குடியிருக்கேன்னு சொல்லிடுங்க. பொழுது போகாம நாலு துணி தேய்க்கிறேன், அவ்வளவுதான்." ஒரு பாயும் தலையணையும் ஓர் அலுமினியப் பாத்திரமும் வாங்கி அலமாரியில் வைத்தார். இரண்டாவது வருஷம் மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்தே விட்டார். தெருவே ஒரே குரலில் சொன்னது. வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க மூன்று பேர் துணிக்கும் காசு வாங்கவில்லை.

இங்கே 'குடியிருந்த' மனிதர் உண்மையில் குடியிருந்ததெல்லாம் வாடகை வீடுகளில். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு வீடு. ஒரு வீட்டுக்காரர் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று காலி பண்ணச் சொன்னார். மகன் வரவே இல்லை, வாடகை கூடக் கொடுக்கிற வேறு குடும்பம்தான் வந்தது. ஒருவர் கட்டடத்தை இடிக்கப் போகிறேன் என்றார். ஒரு வீட்டம்மாவுக்கு இவர்கள் மிக்ஸி போடுகிற சத்தம் ஆகவில்லை. ஒருவர் காரணமே சொல்லவில்லை, "காரணம் சொல்லணும்னு சட்டமா?" என்று கேட்டார்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. பதினோரு வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது, ஆகவே நாள்காட்டியை எப்போதும் ஃபிரிட்ஜ் மேல்தான் சாய்த்து வைப்பார். குடிபோகிற வீட்டில் ஒரு பெட்டியை மட்டும் பிரிக்கவே மாட்டார். "பிரிச்சு அடுக்கி என்ன ஆகப்போவுது, திரும்பக் கட்டத்தானே வேணும்" என்பார். நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அக்கா வாய் திறந்தால் போதும், மடிப்பண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நமக்குத்தான் கடை சொந்தமா இருக்கே" என்பார். "அந்தக் கடைக்குள்ள என்னை மடிச்சு அலமாரியில வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பதினோராவது வீட்டுக்காரரும் வந்து அதே பாட்டைப் பாட ஆரம்பித்தார். இரண்டு மாசத்தில் காலி பண்ண வேண்டும். அன்றைக்கு அக்கா சண்டை போடவில்லை. பிரிக்காத பெட்டியின்மேல் உட்கார்ந்து, "எனக்கு முடியல" என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் மடிப்பண்ணன் அந்த வார்த்தையைக் கேட்டதே கிடையாது. கையிலிருந்த டீ ஆறிப்போனது.

கல்லூரியில் படிக்கிற மகள்தான் போனில் எதையோ தேடிக் கண்டுபிடித்தாள். மாநில அரசு 'முதல் வீட்டுத் திட்டம்' என்று ஒன்று கொண்டுவந்திருந்தது. இதுவரை எங்கேயும் சொந்த வீடு இல்லாத குடும்பம் முதன்முதலாக ஒரு வீடு வாங்கினால் பத்திரப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கை அரசே வட்டியில்லாமல் போடும்; என்றைக்காவது வீட்டை விற்றால் அந்தப் பங்கைத் திருப்பினால் போதும். மீதிக்கு வங்கிக் கடன்.

"ஏமாத்து வேலையா இருக்கும்" என்றார் மடிப்பண்ணன்.

"அப்பா, அரசாங்கத்தோட பக்கம் இது."

"அதான் சொல்றேன்."

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். மூன்று தெரு தள்ளி, இரண்டாவது மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. மகளோடு போய் இருக்கப் போகிறார். தளம் பழசு, ஜன்னல் ஒன்று சரியாகச் சாத்தாது. ஆனால் சமையலறையில் காலை வெயில் வந்தது. அக்கா அங்கே நின்று கையை நீட்டி வெயிலில் வைத்துப் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல முடியாது, அடுத்த ஆள் காத்திருக்கார்" என்றார் தபால்காரர். வங்கியும் தலையாட்டியது. அரசின் பங்கு வந்தால்தான் கணக்கு நேராகும், வராவிட்டால் வீடு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்ட பத்தாவது நாள் பதில் வந்தது. மகள் படித்தாள். "விண்ணப்பதாரர் பெயரில் ஏற்கெனவே ஒரு குடியிருப்பு பதிவாகி உள்ளது. எனவே தகுதி குறித்து நேரில் ஆய்வு செய்யப்படும்."

"குடியிருப்பா? நம்மகிட்டயா? எங்கப்பா இருக்கு?" என்றாள் மகள்.

மடிப்பண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பத்திரம் கண்முன்னால் வந்தது, மீட்டர் வந்தது, பாயும் தலையணையும் வந்தன. அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். புருஷன் முகத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

"கடைதானே?" என்றார்.

"ம்."

"பாதிக் கரண்டு பில்லு."

"அந்தக் காலத்துல நல்லதுன்னு நெனச்சு..."

"போதும். உங்க கெட்டிக்காரத்தனத்த அந்தப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுங்க. ஆபீசர் வந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னீங்கன்னா நான் அந்தத் தொழிற்சாலையிலயே மாவு மூட்டைமேல படுத்துக்குவேன்."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று மடிப்பண்ணன் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று சட்டையைத் தேய்க்கிறபோதெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். பாயையும் தலையணையையும் பாத்திரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லாம் செய்தவர் ஒன்றை மறந்தார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் தெருவுக்கு நடத்தின பாடத்தை அவர் ரத்து செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லி மனிதர், தோளில் பை, கையில் ஃபைல், கசங்கிய சட்டை. அந்த நேரம் பார்த்து மடிப்பண்ணன் நாலாவது மாடியில் துணி கொடுக்கப் போயிருந்தார். அங்கே ஒரு தலையணை உறையைக் காணோம் என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அதிகாரி பக்கத்துக் கடையில் கேட்டார். "இந்த ரூம்காரர் எங்கே? ஆய்வுக்கு வந்திருக்கேன்."

தையல்காரர் ஃபைலைப் பார்த்தார். கழுத்தில் தொங்கின அட்டையைப் பார்த்தார். எந்தத் துறை, எந்த அலுவலகம் என்றெல்லாம் படித்துக்கொண்டிருக்கவில்லை. தையல் எந்திரத்தை நிறுத்தி, எழுந்து வெளியே வந்து, முதல் மாடி பால்கனியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். பதினாலு வருஷமானால் என்ன, நன்றி மறக்காத தெரு ஐயா அது.

டீச்சரம்மாவுக்கு மூட்டு வலி. சாதாரண நாளில் ஒரு படி இறங்க ஒரு நிமிஷம் ஆகும். அன்றைக்கு இரண்டே நிமிஷத்தில் கீழே நின்றார். இடுப்பில் ஒரு மின்சார அடுப்பு, கையில் பாலோடு ஒரு பாத்திரம், கக்கத்தில் தன் வீட்டுத் தலையணை. "தம்பி வீட்டு அடுப்பு ரிப்பேருக்கு வந்துச்சு, சரி பண்ணிட்டேன், வச்சிட்டுப் போறேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு உள்ளே போய், மேசைமேல் அடுப்பை வைத்து, இஸ்திரிப் பெட்டியின் செருகியைப் பிடுங்கிவிட்டு அடுப்பைச் செருகி, பாலை ஏற்றினார்.

"இங்கே ஆள் குடியிருக்காங்களா?" என்றார் அதிகாரி.

"பின்னே? குடும்பத்தோட இருக்காரு பாவம். இந்தப் புறாக்கூட்டுக்குள்ள எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ!" டீச்சரம்மா குரலை நடுங்க விட்டார்.

"துணியெல்லாம்?"

"அவங்க வீட்டுத் துணிதான் சார்" என்றார் தையல்காரர். கொடியில் அந்த நேரம் ஒன்பது பள்ளிச் சீருடைகள் தொங்கின. "பிள்ளைங்க ஜாஸ்தி."

டீக்கடைக்காரரும் ஓடி வந்தார். "தினமும் காலைல நான்தான் சார் கதவத் தட்டி எழுப்பி டீ குடுக்கறேன். நல்லா குறட்டை விடுவாரு."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மூடியைப் பேனாவில் போட்டபோது முகத்தில் ஒரு திருப்தி.

அப்போதுதான் மடிப்பண்ணன் காலிப் பையோடு படியிறங்கி வந்தார். வந்தவர் தன் கடையைப் பார்த்தார். பால் பொங்கிக்கொண்டிருந்தது, தலையணை கிடந்தது, ஃபைலோடு அதிகாரி நின்றார். தெரு மொத்தமும் அவரைப் பார்த்து, 'எப்படி நம்ம வேலை?' என்பதுபோல் சிரித்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இங்கே மண்ணை வாரிப் போட யானை ஆளையே வைத்திருந்தது.

"டீச்சரம்மா, அடுப்ப எடுங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்க தம்பி, பால் காயட்டும்" என்று டீச்சரம்மா கண்ணடித்தார். அறுபத்தேழு வயசில் கண்ணடித்தார்.

"ஐயோ, எடுங்கம்மா! சார், நான் இங்க குடியில்ல சார். இது கடை சார். இஸ்திரிக் கடை."

"கூச்சப்படறாரு" என்று தையல்காரர் அதிகாரிக்கு விளக்கினார். "இவ்வளவு சின்ன எடத்துல இருக்கோமேன்னு வெளியில சொல்ல மாட்டாரு."

"அண்ணே, கொஞ்சம் வாய மூடுங்களேன்!"

அதிகாரி மூடின பேனாவைத் திரும்பத் திறந்தார். முகத்திலிருந்த திருப்தி போய்விட்டது. "ஒரு நிமிஷம். மூணு பேர் குடியிருக்கார்னு சொல்றாங்க. நீங்க இல்லேங்கறீங்க. வீட்டு உதவிக்காக நீங்க பொய் சொல்றீங்களா, இல்ல இவங்க பொய் சொல்றாங்களா? தவறான தகவல் குடுத்தா விண்ணப்பம் ரத்து, அது தெரியுமில்ல?"

"வீட்டு உதவியா?" என்றார் டீக்கடைக்காரர். "அப்ப நீங்க கரண்டு ஆபீஸ் இல்லையா?"

டீச்சரம்மா மெதுவாக அடுப்பை அணைத்தார்.

மடிப்பண்ணனுக்கு ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சமையலறை வெயிலில் அக்கா கையை நீட்டிப் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று கொட்டிவிட்டார். பத்திரத்தை மாற்ற மாட்டேன் என்றது, பாதிக் கட்டணம், ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது, பாய், தலையணை, ஓசியில் தேய்த்த துணி, ஒன்றையும் விடவில்லை. "இவங்க மேல தப்பே இல்ல சார். எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. என் பொண்டாட்டி பதினோரு வீடு மாறிட்டா. என் புத்தியால பன்னெண்டாவதும் போயிடப் போவுது." ஐம்பத்திரண்டு வயசு மனிதர், நடுத்தெருவில், யாரோ ஒருவர் வீட்டுச் சீருடையால் கண்ணைத் துடைத்தார்.

அதிகாரி உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்தார். மூட்டைகளைத் தள்ளிப் பார்த்தார்.

"கழிவறை எங்கே?" என்றார்.

டீச்சரம்மா பால் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"குடும்பத்தோட குடியிருக்கார்னு சொன்னீங்களேம்மா. கழிவறை எங்கே?"

டீச்சரம்மா தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் கூரையைப் பார்த்தார். அடுப்பைத் தூக்கி வரலாம், தலையணையைத் தூக்கி வரலாம். கக்கூஸை எங்கேயிருந்து தூக்கி வருவது?

டீக்கடைக்காரர்தான் கையைத் தூக்கினார். "என் கடைக்குப் பின்னால இருக்கு சார். பதினாலு வருஷமா அங்கதான் வர்றாரு. ஒரு தடவ உள்ள இருக்கும்போது தெரியாம வெளியில தாப்பாள் போட்டுட்டேன், கேட்டுப் பாருங்க."

"ஆமா சார், ஒன்றரை மணி நேரம்" என்றார் மடிப்பண்ணன் ஆவலாக.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். "சமைக்க இடமும் உள்ளேயே கழிவறையும் இருந்தாத்தான் திட்டத்துல அது வீடு. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் பத்திரத்துல என்ன எழுதியிருந்தாலும் கணக்குல வராது. நான் பார்த்தத எழுதுவேன். ஆனா நீங்களும் எழுதிக் குடுக்கணும். மீட்டர் விஷயத்த மறைக்காம. அவங்க பழைய பாக்கியோட வசூல் பண்ண வருவாங்க. அது உங்க பாடு."

மடிப்பண்ணன் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பதினாலு வருஷம் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் கையெழுத்தோடு போகும். போகட்டும். பேனாவை எடுத்தார், நிறுத்தாமல் எழுதினார். மற்ற மூவரும் தாங்கள் சொன்னது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 'நான் கூறியது பொய், இனிமேல் கூற மாட்டேன்' என்ற வாக்கியத்தை வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் நூறு தடவை எழுதி வாங்கின டீச்சரம்மா, அதை முதல் தடவையாகத் தன் கைப்பட எழுதினார். அழகான கையெழுத்து. அதிகாரி போனபிறகு மடிப்பண்ணனுக்கு மனசுக்குள் ஒரே ஒரு குறை. அவருடைய கசங்கின சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருக்கலாம். லஞ்சம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒன்பது நாள் இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். மடிப்பண்ணன் ஒரு பட்டுச் சட்டையைப் பொசுக்கினார். தொழிலுக்கு வந்து அதுதான் முதல் தடவை. டீச்சரம்மா தினமும் மாடியிலிருந்து, "வந்துச்சா?" என்று கேட்பார், இவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். தபால்காரர் ஒரு தடவை போன் செய்து, "மாசம் முடியுதே" என்றார். வீட்டில் அக்கா பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்திருந்தார். எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமல் கட்டினார். மின்வாரியம் மட்டும் அதிகாரி சொன்னபடியே நாலாவது நாளே வந்து மீட்டரை மாற்றிவிட்டுப் போனது.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது வீட்டுத் திட்ட அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். என்ன முடிவு என்று போனில் சொல்லவில்லை. அக்கா தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தார். நெற்றியில் வேலைத் தொப்பியின் ரப்பர் தழும்பு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த ஐந்து பேர் போன பிறகு ஆறாம் எண் கவுண்டர்க் கூண்டில் இருந்த அலுவலர் அம்மா கூப்பிட்டார்.

"இது உங்களுக்கான சான்று. படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. 'மேற்படி விண்ணப்பதாரருக்கோ அவரது மனைவிக்கோ குடியிருக்கத்தக்க வீடு எதுவும் இல்லை என ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. உதவி அனுமதிக்கப்படுகிறது.'"

"அப்பாடா!" என்றார் மடிப்பண்ணன். அந்த அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பதினெட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கினதுபோல் இருந்தது. தனக்கு வீடு இல்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட மனிதன் அந்தக் கூண்டுக்கு முன்னால் வேறு யாரும் நின்றிருக்க மாட்டான்.

அக்கா சிரித்தார். "இருபத்திரண்டு வருஷமா நான் சொன்னா நம்பல. முத்திரையோட வந்தாத்தான் நம்புவீங்க."

"ஆமா, எனக்குத்தான் உறைக்கல. வீடு இல்லாமதான் உன்னை அலைய விட்டேன். கடை சொந்தம் கடை சொந்தம்னு சும்மா மாரு தட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் மடிப்பண்ணன்.

அலுவலர் அம்மா இன்னொரு தாளை எடுத்தார். முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டார். "இத நல்லா கேட்டுக்குங்க. பின்னால தெரியாதுன்னு சொல்லக் கூடாது. நிறையப் பேர் வாங்கிட்டு வாடகைக்கு விட்டுடறாங்க. அதனால நிபந்தனை கடுமையா வச்சிருக்கோம். பதிவு பண்ணின நாள்லேருந்து அஞ்சு வருஷத்துக்கு நீங்க அந்த வீட்லதான் இருக்கணும். விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, வேற எங்கயும் குடி போகக் கூடாது. போனீங்கன்னா நடவடிக்கை எடுப்போம்."

அக்கா கூண்டுக்குக் கிட்டே போனார். "என்ன சொன்னீங்க? கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"நடவடிக்கை எடுப்போம்னு..."

"அதுக்கு முன்னால."

அலுவலர் அம்மாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "வீட்ட விட்டுப் போகக் கூடாதும்மா. அஞ்சு வருஷம். எல்லாருக்கும் ஒரே விதிதான், உங்களுக்காகவெல்லாம் குறைக்க முடியாது."

"குறைக்க வேணாம்மா." அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் குனிந்து கேட்டார்.

"அத பத்து வருஷம்னு போட முடியாதா?"